சோற்றை நிறுத்தாமல் எடை குறைத்த ஒரு வருடம்

உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்று மட்டக்களப்பில் வாய் திறந்தால் முதலில் வரும் புத்திமதி, "சோத்தை நிப்பாட்டு." நான் நிப்பாட்டவில்லை. கல்லடிப் பக்கம் ஒரு ஜிம்மில் மாலை நேரம் பாரம் தூக்குகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக, மாவுச்சத்தில் பெரும்பங்கைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வரும்படி வைத்துச் சாப்பிடுகிறேன். 91 கிலோ இருந்தவன் இப்போது 79. மாதத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில்தான் இறங்கியது.

நேரத்தை மாற்றியதால் கொழுப்பு கரையவில்லை. மொத்தக் கலோரி குறைந்ததால்தான் எடை குறைந்தது. அதே அளவைப் பகலில் தின்றாலும் இரவில் தின்றாலும் தராசு ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லும். எனக்குக் கிடைத்த லாபம் வேறு: இத்தனை கிலோ இறங்கியும் ஸ்குவாட்டில் (பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் பயிற்சி) தூக்கும் பாரம் குறையவில்லை. பாரம் தூக்கும்போது தசை பெரும்பாலும் கிளைக்கோஜனை, அதாவது உடம்பு சேமித்துவைத்த மாவுச்சத்தைத்தான், எரிக்கிறது. அது இருப்பில் இல்லாவிட்டால் முதல் செட் ஓடிவிடும், கடைசிச் செட்டில் கால் நடுங்கும்.

பயிற்சி நாளில் மதியம் அளவான சோறு, மீன், ஏதாவது ஒரு கீரை. நாலரை மணிபோல ஒரு வாழைப்பழமும் பிளேன்டீயும். தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் அந்த நேரத்தில் தொடுவதில்லை. கொழுப்பு செரிக்க நேரமெடுக்கும், குனிந்து நிமிரும்போது வயிறு கனக்கும். ஜிம் முடிந்து வந்தால் புட்டும் மீன் குழம்பும். ஓய்வு நாளில் இரவுப் புட்டு கிடையாது. மீன், பருப்பு, வெண்டிக்காய். அந்தக் கோப்பையைப் பார்த்து அம்மா, "என்ன மகன், இது கோழிக்கும் காணாதே" என்பார். புரதம் மட்டும் எந்த நாளிலும் குறையாது: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில், மீன், முட்டை, பயறு என்று பிரித்துக்கொள்கிறேன்.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் தின்னாவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம்மில் ஒரு பேச்சு உண்டு. நாளுக்கு ஒரு தடவை பயிற்சி செய்கிறவருக்கு அந்த அவசரம் தேவையில்லை. அடுத்த பயிற்சிக்குள் கிளைக்கோஜன் நிரம்ப நேரம் தாராளமாக இருக்கிறது. நான் குளித்து, ஆறுதலாகத்தான் சாப்பிடுகிறேன்.

அளப்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். 100 கிராம் பச்சை அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து. அதே 100 கிராம் வெந்த சோற்றில் 28 அளவில்தான். புட்டில் இது இன்னும் சிக்கல். மாவைத் தண்ணீர் தெளித்துக் குழைக்கும் பதம் ஆளுக்கு ஆள் வேறு, தேங்காய்ப்பூவும் (துருவிய தேங்காய்) கை போனபடி விழும். அதனால் அவித்த புட்டை நான் நிறுப்பதில்லை, குழைப்பதற்கு முன் மாவை நிறுக்கிறேன். தேங்காய்ப்பூவைத் தனியாக நிறுத்தபோதுதான் கலோரியைக் கூட்டும் ஆள் யாரென்று தெரிந்தது. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. எங்கள் சாப்பாட்டில் பழியெல்லாம் சோற்றுக்கு, கலோரியில் நல்ல பங்கு சொதிக்கும் சம்பலுக்கும்.

சோற்றை அடியோடு விட்டவர்கள் முதல் வாரத்திலேயே மூன்று கிலோ போனதாகக் காட்டுவார்கள். கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. அது குறைந்தால் தண்ணீரும் போகும். கல்யாண வீட்டில் ஒரு பிரியாணி, மறுநாள் தராசு மறுபடி ஏறும். இதில் பதறத் தேவையில்லை.

எங்கள் ஜிம்முக்கு வரும் காத்தான்குடி நண்பருக்கு நோன்பு மாதத்தில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் சாப்பிடும் இந்த முறை தானாகவே அமைந்துவிடுகிறது. நோன்பு திறந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும், பிறகு பயிற்சி, அதற்குப் பின்னால் சாப்பாடு. எனக்குக் கஷ்டமான காலம் கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள். அந்த வெக்கையில் பழம்கூட இறங்காது. உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரில் சீனி கலந்து குடித்துச் சமாளிக்கிறேன்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சீனியை இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இப்படி மாற்றக் கூடாது. மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாரமும் தூக்கினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

இன்னும் நாலு கிலோ குறைக்க எண்ணம். அதற்கு ஓய்வு நாளின் மதியச் சோற்றில்தான் கை வைப்பேன், பயிற்சி நாள் புட்டு இருந்தபடி இருக்கும்.