நகராட்சிப் பொறியியல் பிரிவு: தார் போடுவதில் கெட்டி, பள்ளம் மூடுவதில் கோட்டை விடுகிறது

ஒரு நகராட்சியின் வேலைத் தரம் தெரிய வேண்டுமா? நேற்றுப் போட்ட ரோட்டை விட்டுவிடுங்கள். குடிநீர் இணைப்புக்காகத் தெருவின் குறுக்கே வெட்டி, மூடி, ஒரு மழைக்காலம் கடந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே பைக் குலுங்காமல் போனால் அந்த ஊர்ப் பொறியாளர் கண்காணிப்பு உள்ளவர் என்று தைரியமாகச் சொல்லலாம். தமிழ்நாட்டின் நடுத்தர நகராட்சிகளில் அப்படிச் சொல்லக்கூடிய ஊர்கள் குறைவு.

சாலை, குடிநீர், மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு ஆகிய ஐந்தும் நகராட்சியில் ஒரே பிரிவின் கையில்தான் இருக்கின்றன. நகராட்சிப் பொறியாளர், உதவிப் பொறியாளர்கள், பணி ஆய்வாளர், ஃபிட்டர், வால்வு திறப்பவர் என்று நீளும் இந்தப் பிரிவுக்கு நாம் கட்டும் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் போகின்றன. ஐந்தும் ஓரிடத்தில் இருப்பதால் வேலை ஒன்றோடொன்று இசைந்து நடக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் குழாய்க்கு மதிப்பீடு போட்டவருக்கு ரோடு எப்போது என்று தெரியாமலே வேலை நடக்கிறது. இந்தப் பிரிவின் மிகப் பெரிய குறை இதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். புதிய தார் ரோட்டின் தரம் பல ஊர்களில் முன்னேறியிருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும், ரோட்டின் உயரம் கூடக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பெல்லாம் ரோடு மேல் ரோடாகப் போட்டு, வாசற்படி இறக்கமாகி, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. உத்தரவை மதிக்கிற ஊர்களில் மில்லிங் இயந்திரம் வருகிறது. சந்துகளுக்குள் அந்த இயந்திரம் நுழையாது என்பதைக் காரணம் காட்டிப் பழையபடி மேலேயே போடுவதும் நடக்கிறது. பிரேக்கர் வைத்துக் கொத்தி எடுக்கலாம் என்பதால் அந்தக் காரணத்தை ஏற்க முடியாது. வேலை தொடங்கும் முன் உங்கள் வாசற்படியிலிருந்து ரோட்டு மட்டம் எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பேச அதுவே போதும்.

தார் போடும் நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 3 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளமுள்ள தெரு என்றால் 300 சதுர மீட்டர். மதிப்பீட்டில் 30 மி.மீ. கனம் என்றிருந்தால் உருட்டிய பின் 9 கன மீட்டர் வர வேண்டும். எடையில் ஏறத்தாழ 21 டன். பத்து டன் ஏற்றும் டிப்பர் முழுசாக இரண்டு நடையாவது வந்து கொட்டியாக வேண்டும். ஒரே நடையில் தெரு முடிந்துவிட்டால் கனம் எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். பரப்பும்போது 37, 38 மி.மீ. இருந்தால்தான் ரோலர் ஏறிய பின் 30 நிற்கும். வி.ஜி. 30 ரகத் தார்க் கலவை கொட்டும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90 டிகிரிக்குக் கீழே ஆறும் முன் உருட்டி முடிக்க வேண்டும். கலவை ஆலை தூரத்தில் இருந்து, லாரி தார்ப்பாய் மூடாமல் வந்து, ரோலர் டீசல் போடப் போயிருந்தால் அந்தத் தெரு ஒரு மழையில் பொரிந்துவிடும்.

இதைவிட அதிகமாகக் கோட்டை விடுவது டாக் கோட்டில், அதாவது பழைய ரோட்டோடு புதியதை ஒட்டவைக்கும் பூச்சில். பழைய பரப்பைச் சுத்தமாகக் கூட்டி, காற்றடித்து, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தெளித்து, அது பழுப்பிலிருந்து கறுப்பாக மாறிய பின்தான் கலவையைக் கொட்ட வேண்டும். மேலே சொன்ன தெருவுக்கு 60 முதல் 90 கிலோ எமல்ஷன் போதும். 200 லிட்டர் பீப்பாயில் பாதிகூட ஆகாது, பெரிய செலவும் இல்லை. ஆனாலும் பூவாளியால் இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போகிறார்கள். பிறகு ரோடு அப்பளம்போலத் தகடு தகடாக உரிந்து வருவதற்கு இதுதான் காரணம், தாரின் தரக்குறைவு காரணமில்லை. அடியில் மண் ஒட்டிய தகடு கையோடு வந்தால் கூட்டாமல் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த வெட்டு. புதுக் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பித்தால் வைப்புத்தொகையோடு சாலை வெட்டியதைச் சீர்செய்யும் கட்டணமும் கட்டுகிறோம். வெட்டி, மெயின் குழாயில் சேடில் (குழாயைச் சுற்றிப் பூட்டும் பட்டை) மாட்டி, ஃபெரூல் (வீட்டுக்குத் தண்ணீர் பிரியும் முனை) இறக்கி, அரை அங்குலக் குழாய் இழுத்து மூடுவது ஒரு நாள் வேலை. மூடும் முறை எளிது: குழாய்க்கு அடியிலும் மேலும் 10, 15 செ.மீ. மணல், அதன் மேல் கல் பொறுக்கிய மண்ணை 15 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் இடிக்க வேண்டும். மேலே ஜல்லிக் கலவை. கடைசியாகப் பழைய ரோடு எதுவோ அதே பொருள், அதே மட்டம். வெட்டின் ஓரங்களைச் செங்குத்தாக அறுத்திருக்க வேண்டும். கடப்பாரையால் பெயர்த்த கோணல் ஓரம் எந்த ஒட்டுக்கும் பிடி கொடுக்காது.

நடப்பது வேறு. பெயர்த்த தார்க் கட்டிகள் உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மேலே மேடு கட்டி விடுகிறார்கள், வண்டி ஏறி அமுங்கிவிடும் என்ற கணக்கில். ஐப்பசி மழையில் அமுங்கத்தான் செய்கிறது, ஐந்து செ.மீ. வரை. கட்டிகளுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தில் தண்ணீர் இறங்கி, பக்கத்து நல்ல ரோட்டின் அடிமண்ணையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ஒன்றரை அடி வெட்டு, அடுத்த கோடைக்குள் நாலடிக் குழி. மூடுவது பிளம்பரின் ஆள், ஒட்டுப் போடுவது வேறு ஒப்பந்ததாரர். பல வெட்டுகளைச் சேர்த்து ஒரே மதிப்பீடாக்கும் வரை ஒட்டு வேலை காத்திருக்கும். செய்த வேலையைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தில் ஒட்டின் நீள அகலம்தான் ஏறும், கீழே இடித்தார்களா என்பது ஏறாது. சோதிக்க எளிய வழி உண்டு: மூடிய அன்று 12 மி.மீ. கம்பியை நிமிர்த்திப் பிடித்துக் கையால் அழுத்துங்கள். ஒரு சாண் சுலபமாக இறங்கினால் இடிக்கவில்லை. மேலே ஒட்டுப் போடும் முன்பே பணி ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். சிமெண்ட் பூசிய பின் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தக் காரணத்துக்காகவே, பத்தடிக்கு உட்பட்ட சந்துகளுக்கு சிமெண்ட் ரோட்டைவிட பேவர் பிளாக்கைச் சிபாரிசு செய்கிறோம். சிமெண்ட் ரோடு உறுதியானது, ஆனால் ஒருமுறை வெட்டினால் தழும்பு தழும்புதான். பேவரைப் பெயர்த்து, குழாய் போட்டு, மண்ணை இடித்து, அதே கல்லைத் திருப்பி அடுக்கலாம். குப்பை வண்டியும் தண்ணீர் லாரியும் நுழையும் தெருவுக்கு 80 மி.மீ. கனம், எம் 40 தரம் (கான்கிரீட்டின் உறுதியைக் குறிக்கும் எண்) கேளுங்கள். பைக்கும் காரும் மட்டும் போகும் சந்துக்கு 60 மி.மீ., எம் 35 போதும். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் கட்டை கட்டாமல் கல்லை மட்டும் பரப்பினால், ஓரக் கல் வடிகால் பக்கம் நகர்ந்து, ஒரு வருடத்தில் நடுவில் இடைவெளி விழும். அடியில் மணல் 2 முதல் 4 செ.மீ. இருக்க வேண்டும். பள்ளத்தைச் சமன் செய்யக் கூடுதலாக மணல் கொட்டினால் அந்த இடம் கட்டாயம் உள்வாங்கும்.

குடிநீர்ச் சேவையில் தண்ணீரின் அளவைவிட அது வரும் வழிதான் கவலை தருகிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் திறந்துவிடும் ஊர்களில், வால்வு மூடிய பின் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். எங்காவது கசிவு இருந்தால் வெளியிலுள்ள அழுக்குத் தண்ணீரை அது உள்ளே இழுக்கும். உங்கள் வீட்டு வாசல் வடிகாலைக் குனிந்து பாருங்கள். வடிகாலின் குறுக்கே, சாக்கடையில் பாதி முங்கியபடி, வீட்டு இணைப்புக் குழாய் போகும். நடுவில் ஒரு இணைப்பு, அதைச் சுற்றி பழைய சைக்கிள் டியூப் கட்டியிருக்கும். நோய் வரும் வாசல் அதுதான். வடிகால் மட்டத்துக்கு மேலே தூக்கி, இரும்புக் குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோக வேண்டும். புதிய இணைப்பு என்றால் ஃபிட்டரிடம் அன்றே வற்புறுத்திச் செய்துகொள்ளுங்கள். தண்ணீர் திறந்ததும் முதலில் வருவதைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பவர்கள் கடைக்கோடி வீட்டின் தண்ணீரைப் பறிப்பதோடு, சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறார்கள். நகராட்சி இதில் தயவு காட்டவே கூடாது. தெருவின் கடைசி வீட்டில் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் இருக்கும். தொட்டிக்குக் கீழே பார்த்ததைக் கணக்கில் எழுதாமல் கடைக்கோடியில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தெருவிளக்கு இந்தப் பிரிவின் சிறந்த சேவை. எல்.இ.டி. வந்த பிறகு புகாரும் குறைந்திருக்கிறது. ஒற்றை விளக்கு எரியாவிட்டால் உள்ளே டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்) போயிருக்கும், வரிசையாக அணைந்தால் சுவிட்ச் பெட்டியைப் பார்க்க வேண்டும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் வேலை விரைவாக நடக்கும். கம்பம் பெரும்பாலும் மின்வாரியத்துடையது, விளக்கு நகராட்சியுடையது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மழைநீர் வடிகாலில் நிலைமை மோசம். வடிகாலைக் கீழிருந்து, அதாவது தண்ணீர் போய்ச் சேரும் ஓடையிலிருந்து மேல்நோக்கிக் கட்டி வர வேண்டும். நிதி கிடைக்கிற தெருவில் முதலில் கட்டிவிடுவதால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாத நீளத் தொட்டிகள் உருவாகின்றன. கட்டி முடித்த அன்று ஒரு லாரித் தண்ணீரை மேல் முனையில் திறந்துவிட்டால், எங்கே தேங்குகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பணம் வழங்கும் முன் இதை எல்லா நகராட்சியும் செய்ய வேண்டும். தூர் வாரிய சகதியைக் கரையிலேயே விட்டுப் போவது இன்னொரு கொடுமை. இரண்டு நாள் காய்ந்ததும் அள்ளாவிட்டால் அடுத்த மழை அதைத் திருப்பி உள்ளே சேர்த்துவிடும்.

பாதாளச் சாக்கடைக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இங்கேயே உண்டு. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும் முன் ஆலந்தூர் தனி நகராட்சி. 1996-ல் அதன் தலைவரான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் திரட்டி அந்தத் திட்டம் கட்டப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, நடத்தி, பின்னர் ஒப்படைக்கும் முறையில் விட்டார்கள். குடியிருப்போர் சங்கங்கள் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தன. இன்றைக்கு மானியத்தில் வரும் திட்டங்களில் வீட்டு இணைப்பு கொடுக்காமலே குழாய்கள் கிடப்பதைப் பார்க்கும்போது அந்த முறையின் அருமை புரிகிறது. அடைப்பு எடுக்கப் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாராவது அப்படி இறங்க முயன்றால் நின்று தடுங்கள்.

புகார் கொடுக்கும் முன் அந்த ரோடு யாருடையது என்று கேளுங்கள். பேருந்து நிலையத்தைக் கடக்கும் முக்கியச் சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது; நகராட்சியில் கொடுக்கும் மனு அங்கேயே கிடக்கும். மனுவில் வார்டு எண், தெரு, எதிரேயுள்ள கதவு எண், குழியின் நீளம் அகலம் ஆழம், டேப் வைத்து எடுத்த போட்டோ இருக்கட்டும். ‘எங்கள் தெருவில் ரோடு சரியில்லை’ என்ற மனு பத்தோடு பதினொன்று. ‘42-ம் எண் வீட்டெதிரே 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர், ஆழம் 9 செ.மீ.’ என்ற மனுவோ அப்படியே மதிப்பீட்டில் ஏறும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் முதல்வர் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் பதிவு எண் வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

தரம் பற்றிய சந்தேகம் என்றால் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தக நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகிய நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதே சட்டத்தின் பிரிவு 2(j) வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் உரிமை தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. பொறுப்புக் காலம் முடியும் வரை அந்த ரோட்டை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அவருடைய வைப்புத்தொகையும் நகராட்சியிடம் இருக்கும். ஆகவே அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு முந்தைய மார்கழியில், மழை ஓய்ந்து குழிகள் வெளியே தெரியும்போதே அளந்து, போட்டோவோடு ஆணையாளருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.