ஐந்து ஹார்ட்டுக்கு மேலே: ஏறுவதா, டபிளா, பாஸா?

304 சீட்டு ஆடி வளர்ந்தவர்களை, இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடும் பிரிட்ஜ் மேசையில் உடனே அடையாளம் கண்டுவிடலாம். ஏலத்தை விட்டால் துரும்பு அடுத்த பக்கம் போய்விடுமே என்ற பயம் ஊறிப்போயிருக்கும், எதிரணி ஐந்து ஹார்ட் (ஹார்ட் துரும்பாக 13 சுற்றில் 11ஐ, அதாவது 11 பிடி, எடுப்போம் என்று) கேட்டால் வாய் தானாக ஐந்து ஸ்பேட் என்று சொல்லும். ஹட்டனில் மழைக்கால மாலைகளில் நாங்கள் கூடும் மேசையில் அப்படி ஒரு ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு நேரெதிர், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஐயா: எதுவானாலும் டபிள், அதாவது உங்களால் முடியாது என்று பந்தயத்தைக் கூட்டுவது. கணக்கு போட்டுப் பார்த்தால் ஐந்தாம் மட்டத்தில் கிளாக்கர் ஐயாதான் பெரும்பாலும் சரி. ஆனால் "எதிராளியைப் பயமுறுத்த வேண்டும்" என்று அவர் சொல்லும் காரணம் சரியில்லை.

ஒரு ஏலத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு ஸ்பேட், இடது பக்கம் பாஸ், பார்ட்னர் இரண்டு ஸ்பேட், வலது பக்கம் மூன்று ஹார்ட், நீங்கள் நான்கு ஸ்பேட், இடது பக்கம் ஐந்து ஹார்ட், பிறகு இரண்டு பாஸ். யாரும் வல்னரபிள் (வென்றால் பரிசும் விழுந்தால் தண்டமும் கூடுகிற நிலை) இல்லை. உங்கள் கையில் ஏஸ், குயின் உட்பட ஆறு ஸ்பேட், ஒரே ஒரு ஹார்ட், கிங், குயினோடு நான்கு டைமன், கிளாவரில் ஏஸும் ஒரு சின்னதும். ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று 15 புள்ளி, அழகான கை. ஆசிரியர் யோசிக்கவே மாட்டார்.

இங்கேதான் ஜான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரரின் விதி உதவுகிறது. 1969ல் ஓர் அமெரிக்க பிரிட்ஜ் இதழில் வந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவலாகத் தெரிய வந்தது. நம் துரும்பும் அவர்கள் துரும்பும் சேர்ந்து எத்தனையோ, இரு பக்கமும் தத்தம் துரும்பில் எடுக்கக்கூடிய பிடிகளின் மொத்தமும் ஏறக்குறைய அத்தனை. பார்ட்னரிடம் மூன்று ஸ்பேட், இரண்டு ஹார்ட் என்று வையுங்கள். நமக்கு ஒன்பது ஸ்பேட், அவர்களுக்குப் பத்து ஹார்ட், மொத்தம் 19.

19ஐ எப்படிப் பிரித்தாலும் ஏறுவதில் லாபமே இல்லை. நமக்கு 11 வந்தால் அவர்களுக்கு 8: ஐந்து ஸ்பேடில் நம் ஸ்கோர் 450, ஏறாமல் அவர்களுடைய ஐந்து ஹார்ட்டுக்கு டபிள் போட்டால் 500. நமக்கு 10 என்றால் நாம் ஒரு பிடி குறைந்து டபிளில் விழுந்து 100 கொடுக்கிறோம், ஏறாமல் டபிள் போட்டிருந்தால் 300 வாங்கியிருப்போம். அவர்களுக்கே 11 கிடைக்கிற மோசமான நிலையிலும், 450 கொடுப்பதைத் தவிர்க்கப் போய் மூன்று பிடி விழுந்து 500 கொடுப்போம். மொத்தம் 20 ஆனால் சூதாட்டம்: 11-9 அல்லது 9-11 ஆகப் பிரிந்தால் ஏறியவருக்கு 150 லாபம், 10-10 என்றால் 200 நஷ்டம். 21 வந்தால்தான் சந்தேகமில்லாமல் ஏறலாம், அப்போது 11-10, 10-11 எப்படி ஆனாலும் 350 லாபம். இரு அணிக்கும் சேர்த்து 21 துரும்பு அடிக்கடி வருவதில்லை. ஐந்தாம் மட்டம் எதிராளிக்குச் சொந்தம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

நான்குக்கு மேல் நான்கு, அதாவது அவர்களுடைய நான்கு ஹார்ட்டுக்கு மேல் நம் நான்கு ஸ்பேட் (10 பிடி) என்றால் கதை வேறு. அங்கே அதே 19 போதும்: 10-9 என்றால் விட்டு டபிள் போடுகிற 100க்குப் பதில் 420, 9-10 என்றால் 420 கொடுப்பதற்குப் பதில் 100. அந்த மட்டத்தில் ஆசிரியரின் துணிச்சல் சரியானதே, அதை அப்படியே ஐந்துக்குத் தூக்கிக்கொண்டு வருவதுதான் பிரச்சினை.

சரி, துரும்பை மட்டும் எண்ணினால் போதுமா? போதாது. அந்த கிங், குயினை டைமனிலிருந்து ஹார்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்: ஆறு ஸ்பேட் அப்படியே, கிங், குயினோடு மூன்று ஹார்ட், ஏஸோடு இரண்டு டைமன், இரண்டு சின்னக் கிளாவர். அதே 15 புள்ளிதான், ஆனால் ஹார்ட் கேட்டவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிங், குயின் தடுப்பதற்குத்தான் உதவும், நாம் ஸ்பேடில் ஆடும்போது அவற்றால் பெரிய பயனில்லை. இது கண்ணை மூடிக்கொண்டு போடுகிற டபிள். பிரிட்ஜ் எழுத்தாளர்கள் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரனும் 2004ல் வெர்னின் விதியை எதிர்த்து எழுதியபோது அழுத்திச் சொன்னதும் ஏறக்குறைய இதையே, குறுகிய சூட்டும் (கையில் சீட்டுக் குறைந்த ஸ்பேட், ஹார்ட் போன்ற ஒரு வகை) வேலை செய்கிற புள்ளியும்தான் பிடி தரும் என்று. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சூட் பொருந்தினால் மொத்தம் விதி சொல்வதைவிடக் கூடும், அப்போது ஏறுவதை நானும் ஆதரிப்பேன்.

அவர்கள் கேம் (நான்கு ஸ்பேட் போன்ற, பெரிய பரிசுள்ள கேட்பு) எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே விழுவதற்காக ஏறும்போது வல்னரபிள் நிலையைப் பாருங்கள், வேறு எதுவும் வேண்டாம். அவர்கள் மட்டும் வல்னரபிள் என்றால் அவர்களுடைய நான்கு ஸ்பேட் 620, நாம் மூன்று விழுந்தாலும் 500தான். நாம் மட்டும் வல்னரபிள் என்றால் இரண்டு விழுந்தாலே 500 போய்விடும், அவர்கள் எடுக்கப்போவதோ 420.

பாஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டபிள் போட்டு ஒரு பிடியில் விழவைத்தால் கூடக் கிடைப்பது 50, அவர்கள் எடுத்துவிட்டால் நமக்குக் கூடப் போவது 200. இரண்டு பிடி விழுமென்ற நம்பிக்கை இல்லாவிட்டால் பேசாமல் விடுங்கள். ஆனால் நீண்ட நேரம் கூரையைப் பார்த்துவிட்டு பாஸ் சொல்லாதீர்கள். அந்தத் தயக்கத்தைப் பார்த்து பார்ட்னர் முடிவெடுப்பது விதிப்படி தவறு, அவர் நியாயமாக யோசித்து ஏறினாலும் மேசையில் சண்டை வரும். நாம் பலத்தோடு கேம் கேட்ட பிறகு எதிராளி ஏறினால், நம் பாஸ் "நீயே தீர்மானி" என்று பொருளா, வெறும் பாஸா என்பதைச் சீட்டுக் கலைப்பதற்கு முன்பே பார்ட்னரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.