பனிச்சரிவின் அடியில் எந்த மாடலை நம்புவது?

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் நின்றால் கடல் தெரியும். சோளகம் தொடங்கும் நாட்களில் விண்டி என்ற வானிலைச் செயலியைத் திறந்து, காற்றைக் கணினியில் கணித்துச் சொல்லும் ஐரோப்பிய மாடலையும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ்ஸையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். இரண்டும் ஒரே காற்றைச் சொன்னால் நம்பிவிடுவேன். இங்கே அது பெரும்பாலும் சரியாகவே வரும்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவன் அக்காவின் மகன். அந்தாட்டிக்கத் தீபகற்பத்துக்குப் போகும் பயணிகள் கப்பல் ஒன்றில் அதிகாரியாக இருக்கிறான். சீசன் முடியும் மார்ச் மாதத்தில் ஓர் இரவு, கப்பல் நின்ற குடாவை அனுப்பியிருந்தான். போனில் பார்த்தேன். ஐரோப்பிய மாடல் 12 நொட், ஜிஎஃப்எஸ் 10 நொட். பயமில்லை என்று எழுதப் போனேன், அதற்குள் அவனுடைய செய்தி வந்துவிட்டது: "மாமா, இங்க 40 நொட் அடிக்குது. நங்கூரம் இழுபடுது, வெளியில போறம்."

இரண்டும் ஒத்துப்போயிருந்தன, இரண்டும் பிழை. மாடல்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணிக்கும். ஐரோப்பிய மாடலின் கட்டம் சுமார் 9 கிலோமீற்றர், ஜிஎஃப்எஸ்ஸுடையது சுமார் 13. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் மலை, பனியாறு, குடா எல்லாவற்றையும் மாடல் ஒரே சராசரி உயரமாகத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு கிலோமீற்றர் அகலக் குடா அதில் காணாமலே போய்விடும். ஆனால் அங்கே காற்றை உண்டாக்குவதே அந்தச் சரிவுதான். பனியின் மேல் குளிர்ந்து கனத்த காற்று தண்ணீர்போல வழிந்து, பள்ளத்தாக்குகளில் கூடி, கடலில் வந்து விழுகிறது. கட்டபாட்டிக் காற்று என்பது இதுதான். 1912-13இல் துருவ ஆய்வாளர் டக்ளஸ் மோசனின் குழு தங்கியிருந்த, அந்தாட்டிக்காவின் டெனிசன் முனையில் வருடச் சராசரியே மணிக்கு 70 கிலோமீற்றர் அளவில் இருந்தது. மாடலில் சரிவு மழுங்கினால் வேகமும் மழுங்கும். அதனால் இரண்டு மாடலும் ஒரே பக்கமாகத் தவறுகின்றன, அந்த ஒற்றுமையை நம்பி ஏமாறுவது நாம்தான்.

அப்புறம், மாடல்கள் கணிப்பைத் தொடங்கத் தேவையான அவதானங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் வானிலைச் செய்மதிகளுக்குக் கொழும்பு நன்றாகத் தெரியும். துருவமோ அவற்றின் விளிம்பில் மங்கிப்போகும். பலூன் விடும் நிலையங்களும் அங்கே மிகக் குறைவு.

இத்தனைக்கும் திறந்த கடலில் ஐரோப்பிய மாடலைத்தான் முதலில் பார்ப்பேன். தென்னமெரிக்காவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணைக்குள் ஒரு தாழமுக்கம் எப்போது நுழையும் என்று நாலைந்து நாட்களுக்கு முன்பே அறிய அதுதான் என் தெரிவு. தென்னரைக் கோளத்துக்கான கணிப்பு மதிப்பீடுகளில் அது பல வருடங்களாக முன்னால் நிற்கிறது. ஜெர்மனியின் ஐகானை மூன்றாவது கருத்தாக வைத்துக்கொள்ளலாம்.

சரிவின் அடியில் கதை வேறு. அங்கே ஆம்ப்ஸ், அந்தாட்டிக்காவுக்கென்றே உள்ள கணிப்பு முறை. அந்தாட்டிக்காவிலுள்ள அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்துக்குப் போகும் விமானங்களுக்காக 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கியது. பனிக்கேற்ப மாற்றியமைத்த போலார் டபிள்யூஆர்எஃப் மாடலில் ஓடுகிறது. கண்டம் முழுவதற்கும் 8 கிலோமீற்றர் கட்டம், முக்கியமான பகுதிகளுக்கு 2.7 அளவில், மக்மர்டோ இருக்கும் ரோஸ் தீவைச் சுற்றி 1 கிலோமீற்றருக்கும் குறைவு. பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகவே அதில் தெரியும்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: ஆம்ப்ஸ் தன் எல்லைத் தரவுகளை, அதாவது தன் பரப்புக்கு வெளியிலிருந்து என்ன வருகிறது என்பதை, ஜிஎஃப்எஸ்ஸிடமிருந்து எடுக்கிறது. ஜிஎஃப்எஸ் தாழமுக்கத்தை ஆறு மணி நேரம் பிந்திக் கொண்டுவந்தால், ஆம்ப்ஸும் அதே பிந்திய நேரத்தைத்தான் அழகான நுணுக்கத்தோடு வரைந்து காட்டும். ஆகவே தாழமுக்கத்தின் இடத்தில் ஐரோப்பிய மாடலும் ஜிஎஃப்எஸ்ஸும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்கிறேன். ஒத்துப்போனால் ஆம்ப்ஸின் காற்றை எடுத்துக்கொள்வேன். இல்லையென்றால் அதன் நேரத்தை விட்டுவிட்டு, எந்த வாயிலில் காற்று பாயும் என்பதை மட்டும் வைத்துக்கொள்வேன்.

இந்த விஷயத்தில் வடதுருவப் பக்கம் கொடுத்துவைத்தது. நோர்வேயின் அரோம்-ஆர்க்டிக் 2.5 கிலோமீற்றர் கட்டத்தில் ஓடுகிறது, எல்லைத் தரவோ ஐரோப்பிய மாடலுடையது. வடதுருவக் கடலிலுள்ள நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போகிறவர்கள் அதையே முதலில் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஐரோப்பிய மாடலை நடத்தும் மையம் 2025 பெப்ரவரியில் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த மாடலின் கட்டம் 30 கிலோமீற்றர் அளவு. பெரிய புயலின் பாதைக்குச் சரி, குடாவுக்குள் உதவாது.

இப்போதெல்லாம் மருமகன் இடத்தை அனுப்பினால், காற்றைப் பார்க்கும் முன் வரைபடத்தைப் பெரிதாக்கி அவனுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். பனியாற்றின் வாய் தெரிந்தால், விண்டி 12 நொட் காட்டினாலும் அந்த எண்ணை அவனுக்கு அனுப்புவதில்லை. ஆம்ப்ஸ் படத்தைத்தான் அனுப்புகிறேன்.