செர்மாட் பனிச்சறுக்குக்கு இ-சிம் எடுப்பவர்கள் கவனிக்க

முதலில் ஒரு விஷயம். செர்மாட் இருக்கிற சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 2017-ல் ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங் கட்டணத்தைத் தூக்கியபோதும் அந்தச் சலுகை இங்கே வரவில்லை. அதனால் 'ஐரோப்பா' என்று பெயர் போட்டு விற்கிற இ-சிம் (கார்டு போடாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) எல்லாவற்றிலும் சுவிஸ் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நாடுகளின் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

நான் எடுத்தது சுவிஸ், இத்தாலி இரண்டும் உள்ள 10 ஜிபி பிளான். இத்தாலி எதற்கு என்றால், செர்மாட்டில் மேலே ஏறி, சறுக்கிக்கொண்டே எல்லை தாண்டி இத்தாலிப் பக்கம் உள்ள செர்வினியாவுக்கு இறங்கிவிடலாம், அதற்குத்தானே பாதிப் பேர் அங்கே போகிறார்கள். 3,883 மீட்டர் உயரத்தில் கிளைன் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் பக்கம் போன் சுவிஸ் நெட்வொர்க்கா இத்தாலி நெட்வொர்க்கா என்று முடிவெடுக்க முடியாமல் மாறி மாறித் தேடிக்கொண்டே இருந்தது, பேட்டரியும் அதிலேயே கரைந்தது. கூட வந்த நண்பரிடம் சுவிஸ் மட்டும் உள்ள பிளான். செர்வினியாவில் அவர் போன் வெறும் கேமராதான். என் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினார். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை, காற்று பலமாக அடித்தால் மேலே உள்ள லிஃப்ட்களை நிறுத்திவிடுவார்கள், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் சாலை வழியாகச் சுற்றி வர பல மணி நேரம் ஆகும், டாக்சிக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு நாள் தங்கிவிடலாம். லிஃப்ட் நிலவரத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள டேட்டா கட்டாயம் வேண்டும்.

வேகத்தில் குறை இல்லை. ஊருக்குள்ளும் சரி, நான் போன சரிவுகளிலும் சரி, வீடியோ கால் தடங்கல் இல்லாமல் போனது. கடுப்பானது இ-சிம் விற்ற நிறுவனத்தின் உதவி சேவையில்தான். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, நெட் மட்டும் வரவில்லை. சாட்டில் கேட்டால் 'போனை அணைத்துப் போடுங்கள்' என்பதையே திரும்பத் திரும்ப ஒப்பித்தார்கள். விஷயம் என்னவென்றால் இந்த மாதிரி இ-சிம்முக்கு அந்த லைனில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டும். க்யூஆர் கோடு அனுப்பிய மெயிலிலேயே இதை ஒரு வரி எழுதியிருக்கலாம். இந்திய சிம்மில் ரோமிங் டேட்டாவை அணைத்துவிட்டு லைனை மட்டும் உயிரோடு வையுங்கள், பேங்க் ஓடிபி அதில்தான் வரும். கிளம்பும் முன்பே அந்த சிம்முக்கு ரோமிங் வசதியைப் போட்டுவிடுவது நல்லது.

குளிரை எந்தப் பிளானும் சமாளிக்காது. முப்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன் கையில் எடுத்ததும் செத்துப்போகும். ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள், பவர் பேங்கையும் அங்கேயே. நாங்கள் தங்கிய ஹோட்டலின் வைஃபை சாயங்காலம் எல்லோரும் அறைக்குத் திரும்பியதும் நகரவே இல்லை, 10 ஜிபியில் பாதி அங்கேதான் போனது.