'எடிட்ல பாத்துக்கலாம்' என்று சொல்லும் கிரீன் ஸ்கிரீன் ஸ்டூடியோவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கிரீன் ஸ்கிரீன் ஷூட்டிங் (பச்சைத் துணி முன்னால் எடுத்து, பிறகு பச்சையை நீக்கி வேறு பின்னணி வைப்பது), எடிட்டிங் இரண்டையும் பேக்கேஜாகச் செய்து தருவதாகச் சொன்ன ஒரு ஸ்டூடியோவிடம் என் பாட வீடியோக்களைக் கொடுத்துப் பட்ட பாடு இது. பெயர் போடவில்லை. இதே பாணியில் பேசுகிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும்.

காட்டிய சாம்பிள் பிரமாதம். தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. ஷூட்டிங் அன்று போய்ப் பார்த்தால், மடித்து வைத்திருந்த பச்சைத் துணியை அப்படியே உதறித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. முதுகு துணியில் உரசாத குறையாக என்னை நிறுத்தி, முன்னால் இரண்டு லைட். துணிக்கென்று தனி லைட் கிடையாது. என் நிழல் துணிமேல் கறுப்பாக விழுகிறதே என்றேன். "அதெல்லாம் எடிட்ல பாத்துக்கலாம் சார்." மூக்குக்கண்ணாடியில் பச்சை அடிக்கிறதே என்றேன். அதற்கும் அதே பதில்.

வந்து சேர்ந்த வீடியோவில் தாடையோரம் முழுக்கப் பச்சை விளிம்பு. காதோர முடி மொண்ணைக் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. கண்ணாடி வழியாக என் கண்ணுக்குப் பதில் பின்னணியில் வைத்த புத்தக அலமாரி தெரிகிறது! கையை ஆட்டிப் பேசுகிற இடங்களில் விரல்கள் பாதி காணாமல் போகின்றன. நிழல் விழுந்திருந்த இடத்தில், தோளுக்குப் பின்னால், ஏதோ அழுக்காகத் துடித்துக்கொண்டே இருக்கிறது.

சரிசெய்து தரச் சொன்னால், "முடி வேலை தனி சார், நிமிஷக் கணக்கு" என்கிறார்கள். கொட்டேஷனில் கீயிங் (பச்சையை நீக்கி ஆளை மட்டும் பிரித்தெடுப்பது) உண்டு என்று எழுதியிருக்கிறது, ஆனால் முடி அதில் சேராதாம். மொட்டையடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் போல. சரி, பின்னணியை நீக்கிய ஃபைலையாவது கொடுங்கள், நானே வேறு படம் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பின்னால் கறுப்போடு ஒரு எம்பி4 வந்தது. பின்னணி கறுப்பாக இல்லாமல் ஒளி ஊடுருவும்படி (டிரான்ஸ்பரன்சி) வேண்டுமென்றால், எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் ஆல்ஃபா சேனல் ஃபைலில் இருக்க வேண்டும். ப்ரோரெஸ் 4444 என்ற வீடியோ வடிவிலோ, ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக இருக்கும் பிஎன்ஜி சீக்வென்ஸாகவோ தரலாம். வழக்கமான ஹெச்.264 எம்பி4-இல் அதற்கு இடமே இல்லை. அவர்களோ என் பிளேயர்தான் சரியில்லை என்று சாதித்தார்கள்.

ஒரிஜினல் ஃபுட்டேஜ் கேட்டதற்கு முதலில் சுருக்கிய காப்பியை அனுப்பினார்கள். சண்டை போட்ட பிறகுதான் கேமரா ஃபைல் வந்தது. வேறொரு எடிட்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கொட்டேஷனில் எழுதியிருந்த கேமரா, நிறத்தை அதிக நுணுக்கமாகப் பதிவுசெய்யும் 10 பிட் 4:2:2-வில் எடுக்கக்கூடியது; எடுத்திருப்பதோ நிறத் தகவல் குறைந்த 8 பிட் 4:2:0. அதில் வெளிச்சத் தகவல் எல்லா பிக்சலுக்கும் இருக்கும், நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். கீயிங்கோ நிறத்தை வைத்துத்தான் ஆளையும் துணியையும் பிரிக்கிறது. முடியோரம் பிய்ந்து தெரிவதில் ஆச்சரியமில்லை. போதாததற்குத் துணியை ஒட்டி நின்றதால் அதன் பச்சை வெளிச்சம் தோலிலும் முடியிலும் ஏறிவிட்டது. அந்த ஸ்பில்லை ஓரளவு இறக்கலாம், ரொம்ப இறக்கினால் முகம் சாம்பல் பூத்துவிடும். "எடிட்ல இவ்ளோதான் வரும் சார், திரும்ப எடுத்துடுங்க" என்றார்.

அவரை வைத்தே திரும்ப எடுத்தோம். துணியை அயர்ன் செய்து இழுத்துக் கட்டி, அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு லைட். நான் ஏழெட்டு அடி தள்ளி நின்றேன். கை மங்காமலிருக்க ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினார். பாடம் தொடங்கும் முன்பே சின்ன கிளிப் ஒன்று எடுத்து, அங்கேயே லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவச வெர்ஷனில் கீ செய்து, எது நிற்கும், எது நீங்கும் என்று காட்டும் மேட்டைக் கறுப்பு வெள்ளையில் காட்டினார். ஆள் முழு வெள்ளை, பின்னணி முழுக் கறுப்பு, முடியோரம் மட்டும் சாம்பல் என்று வந்தபிறகுதான் ஷூட்டிங் ஆரம்பம். உங்கள் ஸ்டூடியோ இந்தச் சோதனைக்கு மறுத்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். கேமரா ஃபைல் உங்களுக்குத் தரப்படும், முடியும் கண்ணாடியும் கீயிங்கில் அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாம்பிள் காட்டினால், அதே ஷாட்டைப் பச்சைத் துணியோடு காட்டச் சொல்லுங்கள். நானும் பிறகு கேட்டுப் பார்த்தேன். இதுவரை அனுப்பவில்லை, பாக்கிப் பணம் கேட்டு மட்டும் தவறாமல் போன் வருகிறது.