பூனை வளர்க்கிறவர்களுக்கு ஏற்ற செடிக்கடை

நுவரெலியாவிலிருந்து வெலிமடை போகும் வீதியில், ஹக்கல பூங்காவைத் தாண்டியதும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னச் செடிக்கடை இருக்கிறது. பூனை, நாய் வளர்க்கிறவர்கள் வீட்டுக்குள் வைக்கச் செடி தேடினால் அங்கேதான் போகச் சொல்வேன்.

நான் டிஃபன்பேக்கியா என்ற அகல இலைச் செடியின் விலையைக் கேட்டேன். கடைக்கார அம்மா விலை சொல்லவில்லை. "வீட்டுல பூனை நாய் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, பச்சையாக எதைக் கண்டாலும் கடிக்கும் என்றேன். "அப்ப இது வேணாம்மா, கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு வீங்கிரும்." மணி பிளான்ட், அந்தூரியம் எல்லாமே அப்படித்தான். லில்லி இன்னும் மோசம், பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொல்கிற மனசு பெரிசு.

அவர் எடுத்துக் கொடுத்தது மரந்தா, ப்ரேயர் பிளான்ட் என்பார்களே, அது. சிவப்பு நரம்பு ஓடிய இலை. பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் இலைகள் கும்பிடுகிற கைகள் மாதிரி மேலே எழும்பும். இலைக்காம்பின் நுனியில் உள்ள சின்னக் கணுவில் நீரழுத்தம் மாறுவதால்தான் இந்த அசைவு. எங்கள் பூனை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இது பிரேசில் மழைக்காட்டுச் செடி. ஈரக்காற்று நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது, குளிர்தான் பிரச்சினை. 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் வாடத் தொடங்கும். நுவரெலியாவில் ஜனவரி இரவுகள் 10 பாகைக்கும் கீழே இறங்குமே! அதனால் இரவில் கண்ணாடி ஜன்னல் பக்கம் வைக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அடுப்படிச் சுவரோரம்தான் அதற்கு இடம். குளிர்மாதத்தில் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், இல்லாவிட்டால் வேர் அழுகும். குழாய்த் தண்ணீர் இலை நுனியைக் கருக்கலாம் என்பதால் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் குளிர்க் கவலை குறைவு.

குறையும் இருக்கிறது. கடையின் முன்வரிசைச் செடிகள் வெயில் பட்டு வெளுத்திருந்தன. மரந்தாவுக்கு நேர் வெயில் ஆகாது, பின்னால் வலைக்குக் கீழே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மண்ணும் களிமண்ணாக இறுகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சாடிக்கு மாற்றினேன். அப்புறம்தான் புதுத் தளிர் விட்டது.

மரந்தாவை 600 ரூபாய்க்கு வாங்கினேன். அதே குடும்பத்துக் கலத்தியாவும் அங்கே இருக்கிறது, அதுவும் பூனைக்குப் பாதுகாப்பானதுதான். ஞாயிற்றுக்கிழமை ஹக்கலவுக்கு வரும் கூட்டத்தில் அந்த அம்மாவோடு நின்று பேச முடியாது, வேறு நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.