அம்மாவின் முழங்கால்: சென்னையா, ஜோகூரா, சிங்கப்பூரா?

அம்மாவுக்கு இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குக் கைத்தடி இல்லாமல் போய் வருகிறார். அதற்கு முந்திய ஓராண்டு முழுவதும் வீட்டில் ஒரே பேச்சு, எங்கே செய்வது என்பதுதான். சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றார் மாமா. எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாரு போதுமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் இங்குள்ள அரசாங்க மருத்துவமனையிலேயே செய்தோம். மறுபடி முடிவெடுக்கச் சொன்னாலும் அதையேதான் செய்வேன்.

முதலில் செலவு. சிங்கப்பூர்த் தனியார் மருத்துவமனையில் ஒரு காலுக்கே 20,000 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டும். ஜோகூரில் குறைவு, சென்னையில் இன்னும் குறைவு. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கு அரசு உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது நிர்ணயித்த விலை 54,720 ரூபாய்; அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால், தனியார் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு சிங்கப்பூர் நமக்குக் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பலர் சேர்ந்து தங்கும் பி2 அல்லது சி வகுப்பு வார்டில் சேர்ந்தால் அரசாங்க மானியம் கழிகிறது. மீதியில் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி ஒரு பங்கும், மெடிசேவ் என்ற நம் கட்டாய மருத்துவச் சேமிப்பு ஒரு பங்கும் ஏற்கின்றன. நாங்கள் கையிலிருந்து கட்டிய தொகை, இரண்டு பேர் சென்னைக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் குறைவு.

பொருத்தும் மூட்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்ட்ரைக்கர், சிம்மர் பயோமெட் போன்ற நிறுவனங்களின் மூட்டுகள் மூன்று நாட்டிலும் கிடைக்கின்றன. முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்கும் என்று 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அறுவை மருத்துவரின் கைத்திறனில் சென்னையைக் குறைசொல்ல மாட்டேன். ஒரே நாளில் பல முழங்கால்களைப் பார்க்கும் கைகள் அங்கே உண்டு.

அப்படியானால் ஏன் சென்னை வேண்டாம் என்றேன்? காரணம் என் சித்தி.

சித்தி சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு காலையும் ஒன்றாகச் செய்துகொண்டார். மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். தையல் அழகாக ஆறியது. வீட்டுக்குப் பத்து நாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார், பிறகு வரவில்லை. வலிக்கிறது என்று சித்தி காலை நீட்டியே வைத்திருந்தார். வீட்டில் யாருக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை. மூன்றாம் மாதம் பார்த்தால் இரண்டு முழங்காலும் எண்பது பாகைக்கு மேல் மடங்கவில்லை. சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 பாகை போதும். படி இறங்க 90 வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேலே வேண்டும். சித்தி வீட்டுக்குள் நன்றாக நடக்கிறார், ஆனால் பஸ் ஏற முடியவில்லை. அறுவை சிகிச்சையில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகான ஆறு வாரத்தைத்தான் தவறவிட்டுவிட்டார்கள்.

அந்த ஆறு வாரம்தான் எல்லாம். வெட்டிய இடத்தைச் சுற்றி உள்ளே தழும்புத் திசு வளர்ந்துகொண்டே இருக்கும். அது இறுகுவதற்குள் மடக்கிப் பழக்க வேண்டும். தவறினால் மயக்க மருந்து கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டிவரும். நாள் கடந்துவிட்டால் அதற்கும் பலன் குறைவு.

அம்மா நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். வாரம் இருமுறை மறுவாழ்வு நிலையத்துக்குப் போனோம். அங்கே ஒரு மலாய்ப் பெண், நீண்ட கைகள் கொண்ட பிளாஸ்டிக் பாகைமானியை முழங்கால் பக்கத்தில் வைத்துப் படித்து, எண்ணை ஒரு அட்டையில் எழுதித் தருவார். 68, 74, 74, 83. இரண்டாவது 74 வந்த அன்று அவர் என்னைத்தான் கேட்டார், வீட்டில் செய்யவில்லையா என்று. அன்றிலிருந்து தினம் மூன்று வேளை, அம்மாவின் குதிகாலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு வழவழப்பான தரையில் பின்னோக்கி இழுக்க வைத்தேன். "போதும், விடு" என்று அழுவார். பத்து எண்ணிவிட்டுத்தான் விடுவேன். பிறகு இருபது நிமிடம் ஐஸ் பை. ஆறாம் வாரம் அட்டையில் 112 என்று எழுதினார். சென்னையில் இருந்திருந்தால் நான் விடுப்பு முடிந்து திரும்பியிருப்பேன். அந்த இரண்டாவது 74-ஐப் பார்த்து யார் என்னைக் கேட்டிருப்பார்கள்?

இன்னொன்று, கிருமித்தொற்று. நூற்றில் ஒருவர், இருவருக்கு வரும். வந்தால் வெட்டிய மருத்துவரே பார்ப்பதுதான் நல்லது. புது மூட்டோடு நான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார்வது காலில் இரத்தம் உறைந்து அடைப்பதற்கும் வழி.

ஜோகூரைப் பற்றி நான் அடித்துப் பேச முடியாது. எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்காரர் அனுபவம் ஒன்றுதான், அவருக்கு முழுத் திருப்தி. தனி அறை, இரண்டே வாரத்தில் தேதி. மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளில் மெடிசேவையும் பயன்படுத்தலாம். 2010 மார்ச்சில் வந்த ஏற்பாடு அது, இங்குள்ள பரிந்துரை நிலையம் வழியாகப் போக வேண்டும். ஆனால் வீங்கிய காலோடு எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் காரில் உட்கார்ந்திருந்ததை அவரும் மறக்கவில்லை. பிசியோதெரபியை இந்தப் பக்கம் தனியாகக் காசு கட்டித்தான் செய்துகொண்டார்.

இங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. முதல் சந்திப்புக்கும் அறுவைக்கும் இடையே ஏழு மாதம் காத்திருந்தோம். மானிய நோயாளி என்பதால் மருத்துவரை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு கூடுதலாக இருக்கிறது என்று ஒருமுறை தேதியையே தள்ளிவைத்தார்கள்; அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொற்று பயத்தால்தான் தள்ளினார்கள் என்று பிறகு புரிந்தது, ஆனாலும் அந்த மாதங்களில் அவர் பட்ட வலி வலிதான்.

சென்னையில் சொந்த வீடும், மூன்று மாதம் கூட இருந்து கண்டிப்பாக மடக்கிவிட ஒரு ஆளும் இருந்தால் தாராளமாகப் போங்கள். சப்பணமிட்டு உட்காரும் ஆசையை மட்டும் எந்த ஊரிலும் வளர்த்துக்கொள்ள வேண்டாம். கோயிலில் அம்மா இப்போது நாற்காலியில்தான் உட்காருகிறார்.

வலது காலுக்கும் இங்கேயே பெயர் கொடுத்திருக்கிறோம். எந்த மருத்துவர் என்று அம்மா கேட்கவில்லை. அந்த மலாய்ப் பெண் அப்போதும் அங்கே இருப்பாரா என்றுதான் கேட்டார்.